தென்னைக்குள் கேட்கும் சத்தம்: சிவப்புக் கூன்வண்டைப் பற்றிப் புதிதாகத் தோப்பு பார்ப்பவர்களுக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து குடிவருபவர்களும், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் ஓரிரு ஏக்கர் தோப்பை வாங்கிப் புதிதாக விவசாயம் பழகுபவர்களும் தென்னையைப் பற்றி முதலில் கேட்பது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம் என்பதையே. மரம் ஏறுபவர் ஒருநாள் மேலிருந்து குரல் கொடுத்து, குருத்து கையோடு வந்துவிட்டது என்று சொல்லும்போதுதான் சிவப்புக் கூன்வண்டு என்ற பெயர் அவர்கள் காதில் விழுகிறது. அதற்குள் அந்த மரம் கைவிட்டுப் போயிருக்கும்.

இந்த வண்டு பெரும்பாலும் குறையில்லாத மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. மரத்தில் ஏற்கெனவே உள்ள புண்ணின் வாசனையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. ஆகவே தோப்பு பார்ப்பவரின் வேலையில் முக்கால் பங்கு, புண் உண்டாகாமல் பார்த்துக்கொள்வதும், உண்டான புண்ணை அன்றைக்கே மூடுவதும் ஆகும். மருந்துக் கடைக்கு ஓடுவது மீதிக் கால் பங்குக்குத்தான். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருபவை எல்லாம் எளிதாக விளங்கும்.

வண்டும் அதன் புழுவும்

வளர்ந்த கூன்வண்டு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடல் செம்பழுப்பு நிறம். முதுகின் முன்பகுதியில் கரும்புள்ளிகள். முன்னால் நீண்டு வளைந்த மூக்கு. ஆண் வண்டின் மூக்கின் மேற்புறத்தில் சிறிய மயிர்க்கற்றை இருக்கும்; பெண்ணின் மூக்கு வழவழப்பாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துப் பழகிக்கொண்டால், பொறியில் விழுந்தவற்றுள் பெண் எத்தனை என்று எண்ணுவதற்கு உதவும்.

மரத்தைக் கெடுப்பது புழுதான். பெண் வண்டு மரத்தின் மென்மையான இடத்தில் மூக்கால் குழி தோண்டி, குழிக்கொன்றாக முட்டை இடுகிறது. இப்படி ஒரு வண்டு தன் வாழ்நாளில் 200 முதல் 300 முட்டைகள் வரை இடக்கூடும். முட்டை இரண்டு முதல் ஐந்து நாள்களில் பொரிகிறது. காலில்லாத, வெளிர்மஞ்சள் உடலும் பழுப்புத் தலையும் கொண்ட அந்தப் புழு, ஒன்றரை இரண்டு மாதம் தண்டின் உட்சோற்றை மென்றபடி நாலாபுறமும் சுரங்கம் தோண்டி, முடிவில் கைப்பெருவிரல் பருமனுக்கு வருகிறது. பிறகு மரத்தின் நாரையே உடம்பைச் சுற்றிப் பின்னிக் கூடு கட்டிக்கொண்டு, அதற்குள்ளிருந்து இரண்டு மூன்று வாரங்களில் வண்டாக வெளிவருகிறது. முட்டை முதல் வண்டு வரை ஏறத்தாழ மூன்று மாதம், சில வேளை நான்கு மாதம் வரை ஆகும். வெளிவந்த வண்டுக்கு அந்த மரத்திலேயே இன்னும் இடம் இருந்தால் அது வேறு மரம் தேட வேண்டியதில்லை, அங்கேயே முட்டையிடும். பட்ட மரம் ஒன்றைப் பிளந்து பார்த்தால் சிறியதும் பெரியதுமாகப் புழுக்களும், நார்க் கூடுகளும், புதிதாகப் பிறந்த வண்டுகளும் ஒரே நேரத்தில் கிடப்பதன் காரணம் இதுதான்.

மாவிலோ பலாவிலோ ஒரு கிளை பட்டுப்போனால் இன்னொரு கிளை துளிர்க்கும். தென்னைக்கு உச்சியில் உள்ள ஒரே ஒரு வளர்நுனியைத் தவிர வேறு வழியில்லை. புழு அந்த நுனியைத் தின்றுவிட்டால், கீழே பச்சை மட்டைகள் இன்னும் சில வாரம் நிமிர்ந்து நின்றாலும், மரம் செத்ததாகவே கொள்ள வேண்டும்.

எப்படிப் பரவுகிறது

சிவப்புக் கூன்வண்டின் தாயகம் தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் ஆகும். நமக்கு இது பழைய பூச்சி. இங்கிருந்து வெளியே போய்த்தான் பிற நாடுகளுக்கு ஊடுருவிய பூச்சி என்று பெயர் எடுத்தது. 1980களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைத் தோப்புகளுக்குள் புகுந்தது. 1990களின் முற்பகுதியில் எகிப்தையும் ஸ்பெயினையும் எட்டியது. அதன்பின் மத்தியதரைக் கடலோரத்து நகரங்களில் அழகுக்காக வளர்த்த பேரீச்சை இன மரங்களை வரிசை வரிசையாகச் சாய்த்தது. 2017 மார்ச் மாதத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இந்த ஒரு வண்டுக்காகவே ரோம் நகரில் பல நாடுகளைக் கூட்டிப் பேச வேண்டியிருந்தது. கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் கப்பலில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்த வண்டு அதைவிடத் தொலைவுக்குப் போயிருக்கிறது.

ஆனால் அது கடல் கடந்தது தன் இறக்கையால் அன்று. வேரோடு பெயர்த்துக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றிய மரங்களுக்குள் புழுவாக உட்கார்ந்துகொண்டே போனது. வண்டு நன்றாகப் பறக்கும் என்றாலும், ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொரு வட்டாரத்துக்கு அதைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் மனிதர்களே. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் விதி: வளர்ந்த தென்னையையோ அலங்காரப் பனை வகைகளையோ வேரோடு வாங்கிவந்து நடாதீர்கள். பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்கள், திறப்பு விழாவுக்கு முன் முற்றம் பசுமையாகத் தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் இதைச் செய்ய ஆசைப்படுவார்கள். நாற்றாகவே வாங்குங்கள், ஐந்தாறு ஆண்டு பொறுத்திருங்கள். பொறுக்க முடியாத அவசரம் என்றால், வாங்கும் மரத்தின் அடி முதல் கொண்டை வரை ஓட்டையோ சாறோ இல்லை என்று பார்த்துவிட்டு, நட்ட பிறகும் நான்கு மாதம் கண்ணில் வைத்திருங்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு எண் போடுங்கள். வண்ணத்தால் எழுதுங்கள், தகரத் துண்டை ஆணியால் அறையாதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் தோராய வயது, தண்டில் பழைய காயம் இருக்கிறதா, குருத்து நேராக நிற்கிறதா என்ற மூன்றை மட்டும் குறித்தால் போதும். ஐந்து வயது முதல் இருபது வயது வரையுள்ள மரங்களே இந்த வண்டுக்கு மிகவும் பிடித்தவை. தண்டு இன்னும் மென்மையாக இருப்பதே காரணம். அந்த மரங்களின் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தாத்தா வைத்த நெடுமரங்களுக்கு ஆபத்து குறைவு. அவற்றில் தாக்குதல் பெரும்பாலும் கொண்டையில்தான் நடக்கும்.

பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல் இது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வீடு ஆண்டில் இரண்டு முறை, கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கோ திறக்கப்படும். முகப்பையும் வளவு என்னும் உள்முற்றத்தையும் பெருக்கிவிட ஆள் இருக்கும், பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் நிற்கும் தென்னைகளை நிமிர்ந்து பார்க்க ஆள் இருக்காது. அங்கே பட்டு நிற்கும் ஒரு மரம், தெருவில் உள்ள எல்லாக் கொல்லைகளுக்கும் வண்டு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த மரத்தையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். அதை என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கண், காது, மூக்கு

தாக்குதலைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மரத்தைக் காப்பாற்றலாம், தாமதமானால் முடியாது. புழு மரத்துக்குள் தின்னும் காலம் ஒன்றரை இரண்டு மாதம். தேங்காய் வெட்டு ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆகவே ஒரு வெட்டின்போது கொண்டையைப் பார்க்காமல் விட்டால், ஒரு தலைமுறைப் புழு முழுதாகத் தின்று முடிக்கும் அளவுக்கு நாம் இடம் கொடுத்துவிட்டோம் என்று பொருள். ஏறுபவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதே, காய் வெட்டுவதோடு குருத்தையும் மேல் மட்டைகளின் இடுக்குகளையும் பார்த்துச் சொல்வதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காய் மட்டும் வெட்டுவதற்குப் பேசிவிட்டுப் பிறகு அவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

தரையிலிருந்து வாரம் ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டியவை வேறு. தண்டில் விரல் நுழையும் அளவு ஓட்டை இருக்கிறதா, அதன் வாயில் மென்று துப்பியது போல் நார் பிதுங்கி நிற்கிறதா, அதிலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான சாறு வடிந்து, வெல்லப்பாகு காய்ந்தது போலத் தண்டில் கோடாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய சாறு ஈரமாகப் பளபளக்கும். பழைய சாறு கறுத்து உதிரும். ஓட்டை அருகில் மூக்கைக் கொண்டுபோனால் புளித்த வாடை அடிக்கும். நடுவில் உள்ள இளமட்டைகள் மஞ்சளித்து வாடுவதும், கொண்டை ஒரு பக்கமாகச் சாய்வதும் பிந்திய அறிகுறிகள்.

காதும் வேண்டும். எங்கள் மரங்களில் ஏறுபவர் முதல் ஆண்டில் என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், “ஐயா, தண்டுல காத வச்சுக் கேளுங்க, அவசரப்படாம கேளுங்க” என்றார். முதலில் என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு சற்று நேரம் நின்றபோது, உள்ளிருந்து நறநறவென்று, பக்கத்து அறையில் யாரோ கரும்பு கடிப்பது போன்ற ஓசை விட்டு விட்டு வந்தது. அந்த மரத்தில் வெளியே ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது, அதுவும் முழங்கால் உயரத்தில், புல் மறைத்திருந்தது. காற்றடிக்காத விடியற்காலையில், பம்ப்செட் ஓடாத நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். பிறகு உங்களுக்குப் பழகிவிடும்.

சாறு வடியும் மரமெல்லாம் வண்டு விழுந்த மரம் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள். தண்டின் பட்டை வெடிப்புகளிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்து கறுத்துப்போய், ஆனால் ஓட்டையோ மென்ற நாரோ இல்லாமல் இருந்தால், அது பூஞ்சையால் வரும் சாறு வடிதல் நோய். தண்டின் அடிப்பகுதியில் மட்டும் சாறு கசிந்து, வெளிவட்டத்து முதிய மட்டைகள் முதலில் துவண்டு தண்டை ஒட்டித் தொங்கினால், அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் வட்டாரத்தில் பெரிதாகக் காணப்பட்டதால் அந்தப் பெயர். கூன்வண்டு விழுந்த மரத்தில் வாட்டம் பெரும்பாலும் உள்வட்டத்திலிருந்து தொடங்கும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

புண்ணை மூடுவது

மரத்தில் புண் எப்படியெல்லாம் உண்டாகிறது என்று எண்ணிப் பார்த்தால், வண்டைவிட நாமே அதிகம் செய்திருப்போம். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் வெட்டிய படிகள், உழும்போது டிராக்டர் உரசிய அடிப்பகுதி, வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட இடம், சீரியல் விளக்கு கட்ட அறைந்த ஆணி. நான் குடிவந்த ஆண்டிலேயே துணி காயப்போட இரண்டு மரங்களுக்கு நடுவே ஆணி அறைந்து கம்பி இழுத்துக் கட்டினேன். மேலே சொன்ன கரும்பு கடிக்கும் ஓசை, அந்த இரண்டில் ஒரு மரத்தில்தான் கேட்டது. கம்பியை இப்போது கல்தூணில் கட்டியிருக்கிறேன்.

பச்சை மட்டையை வெட்டுவது இவற்றுள் மிகப் பெரிய புண். முடிந்தவரை வெட்டாதீர்கள். பந்தலுக்கோ வேறு தேவைக்கோ வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், தண்டை ஒட்டி வெட்டாமல், தண்டிலிருந்து நான்கு அடி, அதாவது 120 சென்டிமீட்டர் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முனையில் வடியும் சாற்றின் வாசனைக்கு வண்டு வந்து அங்கே முட்டையிட்டாலும், புழு அந்த நீளத்தைத் தின்றுகொண்டு தண்டை அடைவதற்குள் மட்டை காய்ந்துவிடும். பார்வைக்கு அழகாக இல்லை என்று நறுக்கென்று ஒட்ட வெட்டச் சொல்பவர்கள், மரத்தின் கதவைத் திறந்துவைக்கிறார்கள். குருத்தோலைத் தோரணம் இதைவிடவும் கவலைக்குரியது. விரியாத குருத்தை வெட்டும்போது காயம் நேராகக் கொண்டையின் நடுவிலேயே ஏற்படுகிறது. காய்ப்பு ஓய்ந்து, எப்படியும் எடுக்கப்போகிற கிழமரம் ஒன்றைத் தோரணத்துக்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது.

ஏற்பட்ட புண்ணுக்குப் போர்டோ பசை தடவ வேண்டும். இதை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும், 100 கிராம் நீர்த்த சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் வேறொரு வாளியிலும் கரைத்து, இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் ஒரு லிட்டர் பசை கிடைக்கும். இரும்புப் பாத்திரம் கூடாது, துத்தம் இரும்பை அரிக்கும். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள்; கத்தியில் செம்புப் பூச்சு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்க்க வேண்டும். செய்த அன்றைக்கே தடவித் தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு எடுத்துவைத்தால் வேலைக்கு ஆகாது. ஆழமான பொந்தாக இருந்தால், அழுகிய சோற்றைச் சுரண்டி எடுத்து, பசை தடவிக் காயவிட்டு, சிமெண்ட் கலவையால் அடைத்துவிட வேண்டும். சுண்ணாம்பை அரைத்து அரைத்துச் சுவர் பூசிய ஊரில் இந்த வேலைக்குக் கைதேர்ந்த கொத்தனார் கிடைக்காமல் போகமாட்டார்.

வழி திறந்துவிடும் காண்டாமிருக வண்டு

நாம் உண்டாக்காத புண்களுள் பெரும்பாலானவை இந்தக் கறுப்பு வண்டின் வேலை. தலையில் கொம்போடு, கட்டைவிரல் அளவில் இருக்கும். இரவில் விளக்கைத் தேடி வரும். விரியாத குருத்தைக் குடைந்து உள்ளே போகும். அந்தக் குருத்து விரியும்போது ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக நறுக்கியது போலத் தெரியும். அப்படிப்பட்ட ஓலை தெரிந்தால், கூன்வண்டுக்கும் வழி திறந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூன்வண்டு மரத்துக்குள் பிறக்கிறது. காண்டாமிருக வண்டு பிறப்பது எருக்குழியிலும் மக்கிய மரத்திலும். ஆகவே அதை அடக்கும் இடம் தரையில் இருக்கிறது. மாட்டெருக் குழியைக் கிளறும்போது வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். கோழிகள் இருந்தால் அவற்றுக்கு விருந்து. குழியில் மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிட்டால் புழுக்கள் நோய்ப்பட்டுச் சாகும். ஈரமான, நிழலான குழியில்தான் அது நன்றாக வேலை செய்யும், நம் வெயிலில் காய்ந்து கிடக்கும் குழியில் பயன் குறைவு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்துப் பக்கத்துப் புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் தென்னைகள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தபோது, விழுந்த மரங்களை விரைவாக அகற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: கிடக்கும் மரம் மக்கினால் அது காண்டாமிருக வண்டின் தொட்டில்.

மேலே கொண்டையில் செய்ய வேண்டியது, மேல் மூன்று மட்டைகளின் இடுக்கில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவது. மணல் வண்டின் உடற்கணுக்களை உறுத்தும், வேம்பு அதை அண்டவிடாது. குருத்துக்குள் வண்டு இருந்தால் நுனி வளைந்த கம்பியால் குத்தி வெளியே எடுக்கலாம். எடுத்த பிறகு அந்த ஓட்டையை வெறுமனே விடாமல் இதே கலவையால் நிரப்ப வேண்டும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால், வாடைக்கு வந்து விழும் காண்டாமிருக வண்டுகளைக் காலையில் அள்ளிக்கொள்ளலாம்.

பொறி வைப்பது, வைக்காமல் இருப்பது

கடைகளில் இனக்கவர்ச்சிப் பொறி என்று விற்பார்கள். கூன்வண்டைப் பொறுத்தவரை பெயர் கொஞ்சம் பொருந்தாது. ஆண் வண்டு வெளியிடும் இந்த வாசனை, இங்கே நல்ல சாப்பாடு இருக்கிறது என்று ஆண், பெண் இரண்டையும் கூட்டும் அழைப்பு. 1993இல் அந்த வாசனைப் பொருளைப் பிரித்தறிந்த பிறகு அதைச் செயற்கையாகச் செய்து சிறு பொட்டலங்களில் அடைத்து விற்கிறார்கள். காண்டாமிருக வண்டுக்கு வேறு பொட்டலம். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், மேல்விளிம்புக்குக் கீழே நான்கு பக்கமும் வண்டு நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். வாளியின் வெளிப்புறத்தில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டினால் வண்டு பற்றி ஏறுவதற்கு வசதி. மூடியின் உட்புறத்தில் வாசனைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டு, வாளிக்குள் ஒரு லிட்டர் தண்ணீரும், சிறிது ஈஸ்ட்டும், நறுக்கிய கரும்போ அழுகத் தொடங்கிய வாழைப்பழமோ போடுங்கள். வாசனைப் பொட்டலம் தூரத்திலிருந்து அழைக்கும். புளிக்கும் உணவு பக்கத்தில் வந்ததை உள்ளே இழுக்கும். உணவு இல்லாத பொறிக்கு அருகில் வண்டு வரும், வாளிக்குள் விழாமல் பக்கத்து மரத்தில் ஏறிவிடும். பழைய குறிப்புகளில் கள்ளை ஊற்றச் சொல்லியிருப்பார்கள். கள் இறக்கத் தடை உள்ள நம் மாநிலத்தில் அதற்கு வழியில்லை, கரும்பும் பழமும் போதும். வாரம் ஒருமுறை வண்டுகளை எடுத்துவிட்டுத் தண்ணீரையும் உணவையும் மாற்றுங்கள். மாற்றாத வாளியில் கொசுதான் வளரும்.

ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, ஒரு பொறி என்பது பொதுவான கணக்கு. தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில், நிழலில், தோப்பின் ஓரத்தில், இளமரங்களை விட்டுத் தள்ளிக் கம்பு நட்டுத் தொங்கவிட வேண்டும். கொல்லையில் பத்து மரம் வைத்திருப்பவர் தனியாகப் பொறி வைக்கவே கூடாது என்பது என் கருத்து. தெருவெல்லாம் உள்ள வண்டுகளை நம் கொல்லைக்கு வருந்தி அழைத்துவிட்டு, அவற்றுள் பாதியைப் பிடித்தேன் என்று மகிழ்வதில் பொருளில்லை. அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான ஓரத்தில் வைத்துப் பராமரித்தால் அப்போது அதற்குப் பலன் உண்டு.

வண்டு விழுந்துவிட்டால்

குருத்து இன்னும் பச்சையாக, இழுத்தால் வராமல் உறுதியாக நின்றால் முயன்று பார்க்கலாம். தண்டில் உள்ள எல்லா ஓட்டைகளையும் தேடிக் கண்டுபிடியுங்கள். உச்சியில் உள்ள ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைச் சிமெண்ட்டோ களிமண்ணோ வைத்து அடையுங்கள். மேல் ஓட்டையில் புனலைச் சாய்வாகச் செருகி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி என்ற அளவில் இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிமருந்து கலந்த கரைசலை மெதுவாக ஊற்றி, சுரங்கங்கள் நனைந்து நிறைந்ததும் அந்த ஓட்டையையும் மூடுங்கள். ஒரு வாரம் கழித்துக் காதை வைத்துக் கேளுங்கள். புதிய நாரோ புதிய சாறோ வெளிவந்தால் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். கிணற்றடியிலோ ஊருணிக் கரையிலோ கலக்காதீர்கள். அந்த மரத்து இளநீரையும் காயையும் எத்தனை நாள் தொடக்கூடாது என்பதை வேளாண் அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு அந்த நாள் வரை மரத்தில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். மருந்துப் பரிந்துரைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், வாங்குவதற்கு முன் ஒருமுறை அவரிடம் உறுதி செய்துகொள்வதே முறை. செட்டிநாட்டில் உள்ள வறண்டநில வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும், குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையமும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வேரில் பாலித்தீன் பையைக் கட்டி மோனோகுரோட்டோபாஸ் உறிஞ்சவைக்கும் பழைய முறையை இன்னும் சிலர் சொல்வார்கள். அது மிகக் கொடிய நஞ்சு. காய்கறிகளுக்கு அதை அடிப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வீட்டுக் கொல்லையில், குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில், அந்தப் பையைக் கட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

குருத்து கையோடு வந்துவிட்டால் மருந்து ஊற்றுவது வீண்செலவு. மரத்தை அந்த வாரமே எடுத்துவிட வேண்டும். எடுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். வெட்டிய மரத்தை வாய்க்காலுக்குப் பாலமாகப் போடுவதும், அடுத்த பொங்கலுக்கு விறகாகும் என்று மதிலோரம் அடுக்குவதும், உள்ளே இருக்கும் கூடுகள் அத்தனையும் வண்டாகிப் பறக்கும்வரை நாமே காவல் இருப்பதற்குச் சமம். புழு இருக்கும் பகுதியை, கொண்டையையும் ஓட்டைகள் உள்ள தண்டையும், நீளவாக்கில் பிளக்கச் செய்து, கூடுகளை உதறி எடுத்து, அங்கேயே எரித்துவிடுங்கள். ஈரமான தென்னை எளிதில் எரியாது. காய்ந்த மட்டைகளையும் பாளைகளையும் நிறையச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கட்டையையும் தோண்டி எடுக்காவிட்டால் அது மக்கிக் காண்டாமிருக வண்டுக்கு இடமாகும்.

பூட்டிய வீட்டுக் கொல்லையில் பட்டு நிற்கும் மரத்துக்கு வருவோம். வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் சாவி ஊரில் யாரிடமாவது இருக்கும். அவரிடம் குறை சொல்லும் தொனியில் பேசாதீர்கள். மரம் விழுந்தால் பின்கட்டு ஓடு உடையும் என்ற உண்மையைச் சொன்னால் போதும், வீட்டுக்காரர் காதுக்கு அது உடனே எட்டும். ஓட்டையும் சாறும் தெரியும்படி ஒரு படம், சாய்ந்த கொண்டை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, உங்கள் தோப்பில் அடுத்த வெட்டு எந்தத் தேதி, ஏறுபவர் அன்று வருவார், பிளந்து எரிப்பதற்கு இவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டு மறுத்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. ஒரு ஆச்சி மட்டும், எரிப்பதற்கு முன் ஒரு பாளையைக் கழுவி எடுத்து வைக்கச் சொன்னார். அது அவருடைய மாமனார் வைத்த மரமாம்.